ஆறு நாள்களில் எழுந்த கோட்டை

பொருளியல் வகுப்பில் கூலியைப் பற்றிப் பேசாத நாள் இராது. நிலத்துக்கு வாரம், மூலதனத்துக்கு வட்டி, உழைப்புக்குக் கூலி என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தான் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளம் வாங்கினேன். அந்தப் பாடத்தை ஒருமுறை ஒரு மாணவி ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டாள். ஒட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த பெண். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊமைத்துரை ஆறே நாள்களில் திரும்பக் கட்டினார் என்கிறார்களே, அந்த ஆறு நாள்களுக்கும் கூலி கொடுத்தது யார் என்று கேட்டாள்.

கட்டாய உழைப்பாக இருந்திருக்கும் என்று சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். பாளையக்காரர்கள் காலத்தில் வெட்டி உழைப்பு வழக்கம்தானே என்று விளக்கமும் கொடுத்தேன். அவள் எழுதிக்கொண்டாள். ஆனால், அன்று மாலை வீடு திரும்பும்போதே அந்த விடை சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. அதன்பின் அந்த மனிதரின் வாழ்க்கையை ஒரு பொருளியல் ஆசிரியனின் கண்ணோடு படிக்கத் தொடங்கினேன்.

ஊமைத்துரையின் இயற்பெயர் குமாரசுவாமி. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கம்பளத்து நாயக்கர் குடும்பம். மதுரை நாயக்கர் ஆட்சியில் தென்னாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டபோது வேரூன்றிய அமைப்பின் கடைசித் தலைமுறை இவர்கள். குமாரசுவாமிக்குப் பேச்சு வரவில்லை. மக்கள் அவரை ஊமைத்துரை என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் இகழ்ச்சி இல்லை. பின்னாளில் அது வணங்கத்தக்க பெயராகவே வழங்கியது.

தூத்துக்குடியிலிருந்து வடமேற்கே போனால் உப்பளமும் தேரி மணலும் மறைந்து கரிசல் மண் தொடங்கும். ஆற்றுப் பாசனம் எட்டாத நிலம். கம்பும் சோளமும் பருத்தியும் வானம் பார்த்து விளையும். மழை பொய்த்தால் அந்த ஆண்டே பொய்த்துவிடும். இந்த நிலத்தின் வருமானத்தை மட்டும் நம்பி எந்தத் தலைவனும் படை வைத்திருக்க முடியாது. பாளையக்காரரின் பொருளாதாரத்துக்கு வேறு இரண்டு கால்களும் இருந்தன.

ஒன்று, காவல் வரி. ஊரையும் வழியையும் கள்வரிடமிருந்து காப்பதற்காகத் தலக்காவல், தேசகாவல் என்ற பெயர்களில் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து அது பெறப்பட்டது. மற்றொன்று, கடற்கரை. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரை 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது. முத்தும் சங்கும் பரதவரின் மூச்சடக்கும் உழைப்பில் கரையேறின. பருத்தித் துணியோ உள்நாட்டுப் பாளையங்களின் வழியாகத்தான் துறைமுகத்துக்கு வந்தாக வேண்டும். ஆகவே, டச்சுக்காரருக்குப் பாளையக்காரரின் நட்பு தேவைப்பட்டது. 1783-இல் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த டச்சு அரசுக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கையின் மூலப்படி கோட்டைக்குள் கிடைத்தது. கூடவே 40,000 வராகனும் கிடைத்ததாக ஆங்கிலேயரின் பதிவுகள் சொல்கின்றன. கரிசல் காட்டு மண்கோட்டை ஒன்று கடல் வாணிகத்தோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த இரண்டு கால்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி அடுத்தடுத்து முறித்தது. 1792-இல் ஆற்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தக் கப்பம் பருவத்தைப் பார்க்காதது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தவணை தவணைதான். காவல் வரியைச் சட்டத்துக்குப் புறம்பான வசூல் என்று கம்பெனி கருதியது. டச்சுக்காரரிடமிருந்து தூத்துக்குடியும் பறிக்கப்பட்டது. வருமானம் சுருங்கியது, செலுத்த வேண்டியது மட்டும் மாறவில்லை. இப்படிப்பட்ட கணக்கு எந்த நாட்டிலும் கலகத்தில்தான் முடியும்.

அந்தக் கலகத்தின் முதல் பாகம் எல்லோருக்கும் தெரிந்தது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனுடன் நடந்த சந்திப்பு மோதலில் முடிந்தது. அடுத்த ஆண்டு மேஜர் பானர்மேன் படையெடுத்தார். புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்ட கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1959-இல் வெளிவந்த திரைப்படம் அந்தக் காட்சியை மூன்று தலைமுறைகளின் மனத்தில் பதித்துவிட்டது. படம் முடியும் இடத்தில் வரலாறும் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். எனக்கோ அதன்பின் நடந்ததுதான் அரியது.

கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் விலங்கிடப்பட்டார்கள். ஏறத்தாழ 16 மாதங்கள் சென்றன. சிறையில் அம்மை நோய் பரவியது. கைதிகள் நோயுற்றதால் விலங்குகள் தளர்த்தப்பட்டன, காவலும் தளர்ந்தது. 1801 பிப்ரவரி 2 மாலை, மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் ஆங்கிலேய அதிகாரிகளும் குடும்பத்தினரும் விருந்தில் இருந்தார்கள். விறகு விற்பவர்களைப்போல் ஊருக்குள் புகுந்திருந்த ஆதரவாளர்கள் காவலரை மடக்கிச் சிறையைத் திறந்தார்கள். ஊமைத்துரை இரவோடு இரவாக ஏறத்தாழ 30 மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தார்.

அங்கே அவருக்காக என்ன காத்திருந்தது? கோட்டை இல்லை, மண்மேடு இருந்தது. கருவூலம் இல்லை, தானியக் களஞ்சியம் இல்லை. பாளையம் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. ஆயினும் பிப்ரவரி 9 அன்று மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் சுவர் நின்றது. அதன் பின்னே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதத்தோடு நின்றார்கள். தாக்கும் துணிவின்றி அந்தப் படை திரும்பிச் சென்றது.

என் மாணவியின் கேள்விக்கு இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது. சுவரின் உயரம் ஏறத்தாழ 12 அடி. சுற்றளவு 1,600 அடி. சுவரின் சராசரிக் கனத்தை 5 அடி என்று வைத்துக்கொண்டால், 96,000 கன அடி மண். ஓர் ஆள் ஒரு நாளில் 30 கன அடி மண்ணை வெட்டி, குழைத்து, சுமந்து, சுவரேற்றுவார் என்று கொண்டால் 3,200 ஆள்-நாள் உழைப்பு. ஆறு நாள்களில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 530 பேருக்கு மேல் இடைவிடாமல் உழைத்திருக்க வேண்டும். சோறு ஆக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், எல்லையில் காவல் நின்றவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. கனத்தைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் என்ற முடிவு மாறாது.

இத்தனை பேரை ஓரிடத்தில் வேலைக்கு வைக்கப் பொருளியல் அறிந்த வழிகள் இரண்டு. ஒன்று கூலி, மற்றொன்று கட்டாயம். முந்தைய நாள்வரை விலங்கில் கிடந்தவரிடம் கூலி கொடுக்கப் பணம் இருந்திருக்க வாய்ப்பில்லை. கட்டாயப்படுத்துவதற்கும் ஒரு முதலீடு வேண்டும்: படை வேண்டும், தண்டிக்கும் அதிகாரம் வேண்டும், மறுத்தவன் தப்பியோட இடமில்லாமல் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் இவை மூன்றும் கம்பெனியிடம்தான் இருந்தன. மண் சுமக்க மறுத்தவனுக்கு ஊமைத்துரையால் பெரிய தீங்கு எதுவும் நேர்ந்திருக்க முடியாது. மண் சுமந்தவனுக்குத்தான் கம்பெனியால் உயிருக்கே ஆபத்து. அவனுடைய அண்ணன்மாரும் மாமன்மாரும் 1799-இல் என்ன ஆனார்கள் என்பதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். தெரிந்தே வந்தான். வகுப்பில் நான் சொன்ன விடை தவறு என்று எனக்கு உறுதியானது இந்த இடத்தில்தான்.

சுவர் எழுந்தபின் ஊமைத்துரை சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் காவல் நிலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஸ்ரீவைகுண்டம் கோயிலில் இருந்த காவற்படை முற்றுகைக்குள்ளானது. பிப்ரவரி மாத இறுதியில் தூத்துக்குடிக் கோட்டை அவருடைய வீரர்கள் வசம் வந்தது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று நூற்றாண்டுகளாகக் கைமாறிய துறைமுகம், சிறிது காலம் கரிசல் காட்டு மக்களின் கையில் இருந்தது.

அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். துறைமுகப் பொறுப்பில் இருந்த பேகட் என்ற ஆங்கிலேயர் கைதாகிப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய மனைவி பின்தொடர்ந்து சென்று கணவரை விடுவிக்குமாறு வேண்டினார். கணவர் உடனே விடுவிக்கப்பட்டார். பறிபோன பொருள்களில் மீட்க முடிந்தவையும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அண்ணனின் கழுத்தில் கயிறு விழுந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்த நேரத்தில் அவர் பழிவாங்கவில்லை.

வாய் பேசாத ஒருவர் எப்படிப் படை நடத்தினார் என்பதையும் அதே வெல்ஷ்தான் சொல்கிறார். சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவாராம். அவை ஆங்கிலேயப் படை. நேரத்தையும் இடத்தையும் சைகையால் காட்டுவார். பிறகு வலக் கையால் அந்தத் துண்டுகளை ஒரே வீச்சில் தட்டிவிட்டு வாயால் காற்றொலி ஒன்றை எழுப்புவார். அதுவே தாக்குதலுக்கு ஆணை. மெலிந்த உடல்வாகு கொண்ட அந்த இளைஞரின் கையசைவுக்காக உயிரைக் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் ஆயத்தமாக இருந்தார்கள் என்பது, அவரை எதிர்த்துப் போரிட்டவரின் சாட்சியம்.

1801 மார்ச் 31 அன்று கம்பெனிப் படை பீரங்கிகளோடு கோட்டையைத் தாக்கியது. சுவரில் உடைப்பு ஏற்பட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. உடைப்பில் ஏறியவர்களை நீண்ட ஈட்டிகள் எதிர்கொண்டன. பெரும் இழப்போடு படை பின்வாங்கியது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காத்திருந்து, கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்த பிறகே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. ஆறு நாள்களில் எழுந்த மண்சுவரைச் சாய்க்க அன்றைய வல்லரசு ஒன்றுக்கு மூன்றரை மாதங்கள் தேவைப்பட்டன.

கோட்டை வீழ்ந்த நாளில் ஊமைத்துரை படுகாயமடைந்து வெளியே விழுந்து கிடந்தார். மகனைத் தேடி வந்த ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த மகனைக் கண்டார். அந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு சொன்னான். தாய் அவ்வாறே செய்தார். ஊருக்குள் கொண்டுபோய்க் கிடத்தியபோது, எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தார்கள். பெண்கள் அவரை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்துவிட்டதாக ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் விலகி ஓடினார்கள். பாளையங்கோட்டையில் அவருடைய விலங்கைத் தளர்த்திய அதே நோய், இங்கே அவருடைய உயிரைக் காத்தது.

அந்தத் தாயின் செயலை என் துறையின் எந்தச் சூத்திரத்தாலும் எழுத முடியாது. தன்னலத்தைப் பெருக்கிக்கொள்பவனே மனிதன் என்ற அடிப்படையில்தான் எங்கள் பாடநூல்கள் தொடங்குகின்றன. பெற்ற மகனைக் களத்தில் விட்டு இன்னொருவரைச் சுமந்து சென்ற பெண்ணுக்கு அந்தப் பாடநூல்களில் இடமில்லை. அவர் பெயர்கூட வரலாற்றில் இல்லை.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்றார். மருது சகோதரர்கள் அடைக்கலம் தந்தார்கள். அவரை ஒப்படைத்திருந்தால் கம்பெனியோடு இணக்கமாக இருந்திருக்கலாம், அவர்கள் ஒப்படைக்கவில்லை. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்டது. சாதி, சமயம் கடந்து எல்லோரையும் கம்பெனிக்கு எதிராக அழைத்தது அது. அக்டோபர் 1-இல் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை திண்டுக்கல் பக்கம் சென்று போராட்டத்தைத் தொடர்ந்தார். வத்தலகுண்டில் பிடிபட்டு, பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவரப்பட்டு, 1801 நவம்பர் 16 அன்று செவத்தையாவுடன் தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனி அத்துடன் நிறைவடையவில்லை. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கினார்கள். பாளையத்தின் கிராமங்கள், எட்டயபுரம் உள்ளிட்ட, தங்களுக்குத் துணைநின்ற பாளையங்களுக்குப் பங்கிடப்பட்டன. 1803-இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. வரி கட்டுவதைத் தவிர ஜமீன்தாருக்கு அரசியல் வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. இதற்கிடையே 1802 பிப்ரவரியில், தப்பிப் பிழைத்த கிளர்ச்சியாளர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் இதே தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஓராண்டுக்கு முன் அவர்கள் கைப்பற்றிய துறைமுகத்திலிருந்தே அவர்கள் திரும்பி வராத பயணம் தொடங்கியது.

பாளையக்காரர்களை நான் புனிதர்களாக்க விரும்பவில்லை. அவர்களுடைய காவல் வரி பல கிராமங்களுக்குச் சுமையாகவே இருந்தது. அண்டைப் பாளையங்களோடு ஓயாத எல்லைச் சண்டை வேறு. பிரபுக்களின் கலகங்களை ஐரோப்பிய வரலாறும் ஏராளமாகக் கண்டிருக்கிறது. 1102-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றிக்கு எதிராக ராபர்ட் டி பெல்லெம் என்ற நார்மானியப் பிரபு எழுந்தார். அவரிடம் செல்வம் இருந்தது. வலுவான கோட்டைகள் இருந்தன. ஆனால், ஒவ்வொரு கோட்டையாக இழந்து அவர் நாடு கடத்தப்பட்டபோது, இங்கிலாந்து மக்கள் மகிழ்ந்தார்கள் என்று எழுதிவைத்தார்கள் அக்கால வரலாற்றாசிரியர்கள். அவருக்காக எந்தத் தாயும் மகனைக் களத்தில் விட்டு வந்ததாகச் செய்தி இல்லை.

இரு கலகக்காரர்களும் தோற்றவர்கள்தான். தோற்றவரின் கதையை வென்றவர் எழுதும்போது பழிச்சொல் மிகுவது இயல்பு. பெல்லெமின் கதை அப்படியும் எழுதப்பட்டிருக்கலாம். ஊமைத்துரையின் கதையை எழுதியவரும் வென்ற தரப்பைச் சேர்ந்தவரே. அப்படியிருந்தும் அந்த எழுத்தில் வியப்பும் மதிப்பும் இருக்கின்றன. அதனால்தான் அந்தச் சாட்சியத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்று பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை இருக்கிறது. போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. எங்கள் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் பிறந்தது பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே உள்ள ஒட்டப்பிடாரத்தில். ஊமைத்துரை மறைந்து 105 ஆண்டுகளுக்குப் பின், 1906-இல், ஆங்கிலேயரின் கப்பல் வாணிகத்துக்கு எதிராக அவர் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இதே கரையில்தான். அந்தத் துறைமுகம் 1801-இல் சில காலம் யார் கையில் இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது நம் கடமை. ஊமைத்துரையின் பெயர் பாடநூல்களில் அண்ணனின் பெயருக்குப் பின்வரும் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடக் கூடாது. அண்ணன் போரிட்டபோது அதன் விலை இன்னதென்று அவருக்கு முழுதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தம்பிக்கு அது தெரியும்; தெரிந்த பின்னும் எழுந்தார்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது எங்கிருக்கிறாரோ, நானறியேன். எங்காவது இதைப் படிக்க நேர்ந்தால், அன்று நான் சொன்ன விடையை அவர் குறிப்பேட்டில் அடித்துவிட வேண்டும். அந்த ஆறு நாள்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அம்மா. யாரும் கேட்கவும் இல்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).